முட்டிக்கு அடியில் ஓர் இலை

ஆடி 3, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. ஆடிக் காற்றுக்கும் வாழை இலைக்கும் ஆகவே ஆகாது. திருப்பத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கிய இலைக்கட்டில் பாதி கிழிசல். நல்ல நுனி இலையாகப் பொறுக்கி ஒரு காதுகுத்து வீட்டுக்கு. மீதி டிபன் கடைக்கு. இதோடு வியாபாரத்துக்கு லீவு. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. என் வலது முட்டிக்கு மட்டும் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை. மதுரையில்.

இந்த டைரி நகைக்கடையில் சும்மா கொடுத்தது. மகள் செல்வி திருப்பூரிலிருந்து போனில் சொன்னாள், "படுத்தே கெடந்தா நீ எல்லாரையும் வம்புக்கு இழுப்ப. அதுக்கு எதையாச்சும் எழுதும்மா." எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் இருக்கட்டும். பரீட்சையா?

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். முட்டியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதாம், எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். வெளிப்பக்கம் நல்லாவே இருக்கிறதாம். முழு முட்டியும் மாற்ற வேண்டியதில்லை, கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். "பாதி மாத்துனா பாதி வலி மிச்சம் இருக்குமா டாக்டர்?" என்றேன். சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "எந்தக் காலால வண்டிய உதைச்சு ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று டாக்டர் கேட்டார். வலது கால்தான். வேறு யார் உதைப்பது. மொபட் வாங்கிய நாளிலிருந்து ஓட்டுவது நான், இலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவது அவர். ஓட்டிப் பழகவே இல்லை. பயம். காரைக்குடி முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது, இப்போது யாரும் சிரிப்பதில்லை.

எடுத்து வைத்தவை: நைட்டி, துண்டு, சீப்பு, போன் சார்ஜர், முறுக்கு, தைலம் (வேண்டாம் என்றார்கள், இருக்கட்டும்), சாமி படம்.

வீட்டுக்காரர் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினால் கை வலிக்கும். இனி வீ.கா.


ஆடி 4, திங்கள். மதுரை

மழை வருகிற மாதிரி இருட்டியது. வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம், ஒண்ணுக்கு, நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தாயிற்று. நர்ஸ் பெண் பேனாவால் வலது முட்டியில் அம்புக்குறி போட்டது. "இது இல்லைன்னு இடது காலுலயும் எழுதிரு தாயி" என்றேன். எழுதவில்லை.

வீ.கா. காலையிலிருந்து சாப்பிடவில்லை. குன்றக்குடி முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறாராம். தலையில் இருப்பது நாலு முடி. முருகனை ஏமாத்தப் பார்க்குறீகளா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் திரும்பியிருந்த நேரத்தில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவரிடம் காட்டவில்லை. இரண்டு பேரும் பயந்தால் யார் யாரைப் பார்ப்பது.


ஆடி 6, புதன். மதுரை

நேற்று முடிந்தது.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே எதுவும் எனதில்லை. திரை போட்டு மறைத்துவிட்டார்கள். காது நன்றாகக் கேட்டது. அறுக்கிற சத்தம், தட்டுகிற சத்தம். தச்சுப்பட்டறை மாதிரி. "டாக்டர், முட்டி செய்றீகளா, கதவு நிலை செய்றீகளா?" என்று கேட்டேன். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தூக்கம்.

சாயங்காலமே வாக்கரைப் பிடிக்க வைத்து நிற்க வைத்துவிட்டார்கள். அறுத்த அன்றைக்கே! தலை சுற்றியது. நாலடி நடந்தேன். கால் என்னோடு வந்தது, ஆனால் யாரோ விருந்தாளி மாதிரி வந்தது.

இன்று கட்டுப் பிரித்தார்கள். நீளமாக ஒரு கீறல், பூரான் மாதிரி. நான் எட்டிப் பார்த்தேன். டமால் என்று சத்தம். வீ.கா. கீழே. எனக்கு ஏற்ற வைத்திருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நர்ஸ், "சாருக்கும் ஒன்னு போடவாக்கா?" என்றது. அவருக்கு முகம் தெளித்து, என் ஹார்லிக்ஸைக் கொடுத்து உட்கார வைத்தோம். பக்கத்துப் படுக்கைப் பாட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புண் வலித்ததாம்.

வலி உண்டு. எழுத வேண்டாம்.


ஆடி 8, வெள்ளி

வீடு. மாரியம்மன் கோயில் பக்கம் மைக் செட். கூழ் ஊற்றுகிறார்கள். வெயிலும் காற்றும்.

கிளம்பும்போது நர்ஸ் வரிசையாக ஏதேதோ சொன்னது. இப்படிப் படு, அப்படி உட்காராதே, தரையில் குந்தாதே, தலையணை என்னமோ. நான் அதன் கம்மலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீ.கா. மருந்து வாங்க வரிசையில். இரண்டு பேர் இருந்தும் கேட்டுக்கொள்ள ஆளில்லை.

வாசல் நிலைப்படி உயரம். இத்தனை வருஷமாகத் தெரியவில்லை, இன்று மலை மாதிரி நின்றது. வாக்கர் முதலில், பிறகு நல்ல கால், பிறகு புதுக் கால். வீ.கா. பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இலைக்கட்டு சரியும்போது பிடிக்க நிற்பாரே, அதே நிலை. விழுந்தால் என்ன பிடித்திருப்பாரோ. நான் கொஞ்சம் கனம்.

வந்தவர்கள்: தெருவில் பாதி. வந்த ஹார்லிக்ஸ்: கடை வைக்கலாம். வந்த யோசனை: "அறுத்த ஒடம்பு, அசையக் கூடாது." "பிள்ளை பெத்தவ மாதிரி நாப்பது நாளு படுக்கணும்." இந்த வயசில் பிள்ளை பெற்றவள்! வீ.கா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவர் வைத்த ரசம். உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறார், ஒன்று ரசத்துக்கு, ஒன்று என் மேல் இருக்கும் அன்புக்கு. குடித்தேன்.


ஆடி 9, சனி

காலையில் கண் விழித்தால் முட்டிக்கு அடியில் தலையணை. அவருடையது. அவர் தலைக்கு ஒன்றும் வைக்காமல் கீழே பாயில் படுத்திருக்கிறார். இலை வைக்கிற சாக்கை மடித்துத் தலைக்குக் கொடுத்திருக்கிறார்.

"என்ன இது?" என்றேன்.

"முட்டி தொங்குச்சு. பாக்கச் சகிக்கல."

கால் மடங்கி, தலையணை மேல் சாய்ந்து, வலியே இல்லை. சொர்க்கம்.

இலைக்கும் இப்படித்தான் செய்வார். கட்டை மடக்கி வண்டியில் வைக்கும்போது மடிகிற இடத்துக்கு அடியில் ஈரச் சாக்கை மடித்துக் கொடுப்பார். நடுத்தண்டு ஒடியாமல் இருக்க. ஒடிந்த இலையைப் பந்தியில் போட்டால் மண்டபத்துக்காரர் திட்டுவார். ஓர் இலை கிழிந்தாலும் வீ.கா. அன்று முழுக்க என்னைப் பேசுவார், "குழியில எறக்கிட்ட வண்டிய" என்று. சோலையப்பன் இலை என்றால் கிழிசல் இருக்காது. ஊரில் வீ.கா.வுக்கு அதுதான் பேர்.

என்னையும் இலைக்கட்டு ஆக்கிவிட்டார்.


ஆடி 12, செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம்.

பிசியோதெரபி பெண் வந்தது. பர்வீன். ஸ்கூட்டியில் வருகிறது, வாரத்துக்கு இரண்டு தடவை வருமாம். ஒல்லி, ஆனால் பிடித்தால் உடும்பு. குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்கு, நீட்டு. முட்டியைக் கீழே அமுக்கி எண்ணு. காலை நேராகத் தூக்கு. "அசையாமப் படுத்தா முட்டி இறுகிரும் அக்கா. மடக்குறதும் முக்கியம், நீட்டுறது அதவிட முக்கியம்."

மடக்கு வருகிறது. நீட்டுதான் கடைசியில் ஓர் இடத்தில் நின்றுகொள்கிறது. வாங்கின கடனைத் தராதவன் மாதிரி அங்கேயே நிற்கிறது.

நான் கத்தும்போதெல்லாம் வீ.கா. அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுகிறார். என் சத்தம் அவர் காதில் விழக் கூடாதாம். ஒரு தட்டு நெளிந்துவிட்டது.

தினமும் காலையில் தலையணை முட்டிக்கு அடியில். நான் தூங்கிய பிறகு வைக்கிறார், ஆள் தெரியாமல். கல்யாணமான புதிதில்கூட ஒரு பூ வாங்கித் தந்தவர் இல்லை. தந்தால் ஊர் சிரிக்கும் என்பார். இப்போது இந்தத் தலையணை. நான் விழித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். அதைக் கெடுப்பானேன்.


ஆடி 15, வெள்ளி

தெருக்கோடி வீட்டு அலமு ஆச்சி பார்க்க வந்தார்கள். இரண்டு முட்டியும் மாற்றியவர்கள், முழுசாக. சேலையை ஏற்றிக் காட்டி, "ஒனக்குப் பாதிதானடி, என்னது ரெண்டும் முழுசு" என்று பெருமை.

"ஆச்சி, ஒங்களுக்கு எல்லாமே முழுசுதான். எங்களுக்கு முட்டிகூட அரை முட்டிதான்."

சிரித்தார்கள். பலகாரம் கொண்டு வந்திருந்தார்கள், சீப்புச் சீடை. நான் தின்று முடித்தேன், வீ.கா.வுக்கு வைக்கவில்லை.

போகும்போது கவனித்தேன். ஆச்சியின் இடது கால் நேராக வரவில்லை. சின்ன வாசலுக்குள் குனிந்து நுழைகிறவர்கள் மாதிரி அந்தப் பக்கம் தாழ்ந்து தாழ்ந்து போகிறார்கள். கேட்டேன்.

"அது நீளலையே. ஆப்பரேசன் நல்லாத்தான் நடந்துச்சு. நான்தான் காலை நீட்ட வலிக்குதுன்னு மடக்கியே படுத்துக் கெடந்தேன். அப்புறம் அப்படியே நின்னுபோச்சு. மயக்கம் குடுத்து நீட்டணும்னு கூப்பிட்டாக. இன்னொரு தடவை அந்தக் கட்டில்ல ஏறமாட்டேன்னுட்டேன்."

ஆச்சி போன பிறகு தலையணையைப் பார்த்தேன். தள்ளி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலித்தது. மறுபடி இழுத்துக்கொண்டேன். நாளையிலிருந்து பார்ப்போம்.


ஆடி 19, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று, இங்கேயே. பூரான் காய்ந்துவிட்டது.

பிறகு பர்வீன். கோணம் பார்க்கிற ஒரு பிளாஸ்டிக் சாமானை முட்டியில் வைத்துப் பார்த்தது. மறுபடி வைத்துப் பார்த்தது. முகம் மாறியது. "மடக்குறது நல்லா இருக்கு. நீட்டுறது போன வாரத்தவிட மோசமா இருக்கே அக்கா. தலையணை எதுவும் முட்டிக்கு அடியில வைக்கிறீகளா?"

"இல்லையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவரைக் காட்டிக் கொடுக்க மனசில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பர்வீன் கட்டிலோரம் கிடந்த தலையணையைத் தூக்கியது. நடுவில் பள்ளம். தலை வைத்தால் அப்படிப் பள்ளம் விழாது. "அக்கா, விளையாட்டு இல்ல. முட்டி மடங்கினபடியே இறுகிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு மூனு வாரத்துல நேரா வரலைன்னா, மதுரைக்குப் போயி மயக்கம் குடுத்துத்தான் நீட்டுவாக. அதுலயும் வரலைன்னா காலம் பூரா சாஞ்சு சாஞ்சு நடக்கணும். வண்டி ஓட்டுறதெல்லாம் அப்புறம் பேச்சே இல்ல."

வீ.கா. அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி. "நான்தாம்மா வச்சேன்" என்றார். "அவ தூங்கும்போது. அவளுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பர்வீனுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டம். தன்மையாகச் சொன்னது: "வைக்கணும்னா குதிகாலுக்கு அடியில வைங்க அண்ணே. முட்டி அந்தரத்துல நிக்கணும். அப்புறம் தினம் ரெண்டு வேளை நீங்க முட்டி மேல உள்ளங்கைய வச்சு மெதுவா அமுக்கி விடணும். நான் இல்லாத நாள்ல யார் செய்வா?"

"என் கையால அவளுக்கு வலி குடுக்க மாட்டேன்" என்றார் வீ.கா. கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

பர்வீன் தன் கையை என் முட்டிக்கும் படுக்கைக்கும் நடுவே நுழைத்துக் காட்டியது. கை தாராளமாகப் போனது. "இதுக்குள்ள கை நுழையக் கூடாது. அதுதான் கணக்கு."


ஆடி 20, புதன்

காற்று பலமாக. கொடியில் போட்ட துணி தெருவுக்குப் போய்விட்டது.

தலையணை குதிகாலுக்கு அடியில். முட்டி அந்தரத்தில். உயிர் போகிறது. அரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறது பர்வீன், கடிகாரம் நகரவில்லை. வீ.கா. வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் அமுக்கி விடுங்க."

"செல்விய வரச் சொல்லு."

"அவ திருப்பூர்ல தையல் கம்பெனிய விட்டுட்டு ஒங்க கைக்குப் பதிலா வருவாளா?"

செல்வி போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆச்சியின் நடை மட்டும் கண்ணில் வந்துகொண்டே இருந்தது. சாய்ந்து சாய்ந்து. வண்டி கூடத்து மூலையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. நான் ஓட்டவில்லை என்றால் இவர் மண்டபத்துக்கு எப்படிப் போவார். டவுன் பஸ்ஸில் இலைக்கட்டை ஏற்ற மாட்டார்கள். ஆட்டோக்காரன் மடக்கி அமுக்கிப் போடுவான், பாதி ஒடியும். அதைவிட, பின்னால் உட்கார அவருக்கு வேறு முதுகு ஏது.


ஆடி 22, வெள்ளி

இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன்.

கெஞ்சினால் அவர் கை வராது. கோபம் வந்தால் வரும்.

காலை நீட்டிப் படுத்தேன். "நீங்க பேசாம ஆச்சியோட வீட்டுக்காரர் மாதிரி இருந்திருக்கலாம். அவுக அமுக்கி விட்டாகளாம்." (விடவில்லை. அதனால்தான் ஆச்சி அப்படி நடக்கிறார்கள்.)

வீ.கா. திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டுச்சு, இவரா ஒங்களப் பாத்துக்கப் போறாருன்னு. இல்ல தாயி, நான்தான் அவரையும் பாத்துக்கணும்னேன்."

"சும்மா இரு."

"ரத்தத்தைப் பார்த்து விழுந்தீகளே, அன்னைக்கு நான் இறங்கி வந்து தூக்கிவிட்டிருக்கணும். கால் வரலை."

"வள்ளி!"

"இலையின்னா கைய வைப்பீக. பொண்டாட்டின்னா பயம்."

எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. உள்ளங்கையை முட்டி மேல் வைத்தார். அந்தக் கை! இலை நறுக்கி நறுக்கிக் கறை ஏறி, காய்த்துப்போன கை. ஆனால் அமுக்கியது அப்படி இல்லை. இலைக்கட்டை அடுக்கும்போது மேல் இலையை ஓர் அமுக்கு அமுக்குவார், காற்றுப் போகும், இலை கிழியாது. அப்படி.

வலித்தது. கத்த வந்தது. கத்தினால் எடுத்துவிடுவார். அதனால் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் தங்கச்சி மாப்பிள்ளையைக் கேலி பண்ணினேன். அவர் வைத்த ரசத்தைக் கேலி பண்ணினேன். அந்த நாலு முடியை. அவர் பற்களைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். நானும் பற்களைக் கடித்துக்கொண்டு கேலி பண்ணினேன். யாராவது பார்த்தால் சண்டை என்று நினைப்பார்கள்.

முடிந்த பிறகு பார்க்கிறேன், என் கண்ணில் தண்ணீர் இல்லை. அவர் கண்ணில்.

"தூசி" என்றார்.

ஆடிக் காற்று. இருக்கும்.


ஆடி 25, திங்கள்

காலை, மாலை இரண்டு வேளையும். கேலிக்கு விஷயம் தீர்ந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிகள் வரை வந்துவிட்டேன். இப்போது அவரே எடுத்துக் கொடுக்கிறார், "இன்னைக்கு எதச் சொல்லப் போற?" என்று.

அவர் தலையணை இன்னும் என் குதிகாலுக்கு அடியில்தான். அவருக்குச் சாக்கு. வேறு தலையணை வாங்குங்கள் என்றால், "இது பழகிருச்சு" என்கிறார்.

புதினாத் துவையல் நன்றாக வந்திருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தினமும் அதுவே.


ஆடி 29, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. வெயில் கடுமை.

பர்வீன் கையை நுழைத்துப் பார்க்கும்போது நல்லா இருக்கு என்றது. ஆனால் அது செவ்வாயன்று. அது வராத நாளில் எப்படித் தெரியும்? வீ.கா. கையை நுழைத்துப் பார்த்தார். அவர் கை தடிமன், எதிலும் நுழையாது. கணக்குக்கு ஆகாது.

எனக்கு ஒன்று தோன்றியது. "ஒரு துண்டு இலை கொண்டாங்க."

நாளை மறுநாள் ஒரு வீட்டு விசேஷத்துக்கு என்று வந்த சின்னக் கட்டு இருந்தது. நுனி இலையில் நல்லதாக எடுத்தார். கொடுக்க மனசில்லை, நுனி இல்லாத ஏட்டில் கிழித்துத் தரவா என்றார். நுனிதான் வேண்டும் என்றேன். முட்டிக்கு அடியில் இலையை விரித்துக் காலை நீட்டினேன். "இழுங்க."

இழுத்தார். இலை முழுசாக வந்துவிட்டது. நடுவில் இன்னும் சந்து இருக்கிறது.

"அமுக்குங்க" என்றேன். கேலி பண்ணாமலே அமுக்கினார். மறுபடி இலையை வைத்தோம். மறுபடி இழுத்தார். கொஞ்சம் பிடித்தது, வந்துவிட்டது.

சாயங்காலம் மறுபடி. வேறு இலை. நான் தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அமுக்கினேன், அவர் மேலே இருந்து. "இப்ப இழுங்க."

இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார்.

கிழிந்தது. சர் என்று, நடுத்தண்டு வரைக்கும்.

இருபது வருஷத்துக்கு மேலாக இலை கிழிந்தால் என்னைத் திட்டுகிற மனிதர், கையில் பாதி இலையை வைத்துக்கொண்டு, "கிழிஞ்சிருச்சு வள்ளி, கிழிஞ்சிருச்சு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். எதிர் வீட்டுக்காரர், என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். இவர் இலையைக் காட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பாதி இலையில் சாப்பிட்டோம். ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவருக்கு.


ஆவணி 4, வியாழன்

முதல் முகூர்த்தம். நான் இன்னும் வண்டி ஏறக் கூடாது. மதுரைக்குக் காட்டிவிட்டு வந்துதான்.

இருட்டோடு கிளம்பினார். வண்டியில் இலையை அடுக்கி, மடிகிற இடத்தில் சாக்கைக் கொடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே மண்டபத்துக்கு. ஓட்டவில்லை. தள்ளினார். ஸ்டார்ட்கூடப் பண்ணவில்லை.

நானும் கைத்தடியோடு தெருமுனை வரை கூடவே. நடக்கச் சொல்லியிருக்கிறார்களே. வலது கால் நேராக வந்தது. என்னுடைய காலாகவே வந்தது. விருந்தாளி இல்லை.

வண்டியில் போகும்போது எனக்கு முன்னால் ரோடு, அவருக்கு முன்னால் என் முதுகு. மண்டபத்துக்குப் போகிற வழியில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. இன்று பக்கத்தில் நடந்ததால் தெரிந்தது. வாயை அசைத்துக்கொண்டே வருகிறார். என்ன சொல்றீக என்று கேட்டேன்.

"ஒன்னுமில்ல. இடது பக்கம் குழி இருக்கு, மெதுவா எறக்குன்னு ஒன்ட்ட சொல்லிட்டே வருவேன். ஒனக்குக் காத்துல கேக்காது."

பழக்கத்தில் இன்றும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார், வண்டியைத் தள்ளிக்கொண்டே.


ஆவணி 17, புதன். மதுரை போய் வந்தோம்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கால் நீட்டிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார். புதுப் படம் எடுத்தார். "நேரா வந்திருச்சே. நல்லா வேலை பாத்திருக்கீங்க" என்றார். நான் வீ.கா.வைக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்தார்.

வண்டி ஓட்டலாமாம். கிட்டத் தூரம். செய்யக் கூடாதவை: குந்தி உட்காருவது, முழங்கால் போட்டு நிற்பது, வண்டியை உதைப்பது.

"உதைக்காம எப்படி டாக்டர் ஸ்டார்ட் ஆகும்?"

"உதைக்க வேற ஆளு இல்லையா?" என்றார்.

பஸ் குன்றக்குடியைத் தாண்டியபோது மலையைப் பார்த்துக் கும்பிட்டார். நாலு முடிக்கும் நாள் குறித்துவிட்டார்.


ஆவணி 18, வியாழன்

காலையில் பனி மாதிரி. அமராவதிபுதூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். இலை போக வேண்டும்.

வண்டியைத் துடைத்து வெளியே நிறுத்தியிருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று உதைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி. மறுபடி. வேட்டி அவிழப் பார்த்தது. பால்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். வியர்த்துவிட்டது அவருக்கு.

பெட்ரோல் டேப்பைத் திறக்கவே இல்லை. ஆரம்பத்திலேயே எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டேன்.

"டேப்பத் தொறந்துட்டு உதைச்சா நல்லா இருக்கும்" என்றேன்.

பார்த்தார் ஒரு பார்வை. திறந்து உதைத்தார். புடுபுடு என்றது. பயந்து ஓர் அடி பின்னால் குதித்தார். பிறகு இலைக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

காலை வைக்கிற இடத்தில் ஏதோ மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். இலைச் சாக்கு. மடித்து, என் வலது குதிகாலுக்கு அடியில்.

போனேன். இடது பக்கம் குழி. மெதுவாகத்தான் இறக்கினேன்.

மண்டபத்தில் கட்டைப் பிரித்தால், சாக்குக் கொடுக்காமல் மடிந்த இடத்தில் நாலைந்து இலை ஒடிந்திருந்தது. மண்டபத்துக்காரர், "என்ன சோலையப்பா, ஒன் இலையா இது?" என்று கேட்டார். வீ.கா. ஒடிந்ததை எடுத்துத் தனியாக வைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.